ஏழாம் அத்தியாயத்தில் இல்லாத குரல்

பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் மாதத்தின் முதல் சனிக்கிழமை லோகேஸ்வரிக்கென்று ஒரு பையைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். வரலாறு, தன்வரலாறு, நினைவுக் குறிப்பு என்று அந்த மாதம் புதிதாக வந்ததெல்லாம் அதில் கிடக்கும். கதை, கவிதை, சமையல், சோதிடம் எதுவும் இருக்காது. அவள் எல்லாவற்றையும் வாசித்து, ஐந்தைப் பொறுக்கி, ஞாயிறு நாளிதழில் 'இம்மாத வாசிப்பு' என்ற அரைப் பக்கத்தில் எழுதுவாள். ஒன்பது வருடமாக எழுதுகிறாள். பிழைப்புக்கு சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை. நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா சீதாலெட்சுமி போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டாவது மாடி வீட்டில் அவள் ஒருத்திதான்.

அன்றைய பையில் ஏழு புத்தகங்கள் இருந்தன. தோட்டத்து மருத்துவமனை ஒன்றின் வரலாறு, தண்டவாளம் போட்டவர்களைப் பற்றிய ஒரு ஆராய்ச்சி, ஓய்வுபெற்ற தாதி ஒருவரின் நினைவுகள் என்று எல்லாமே கனமானவை. ஒன்று மட்டும் ஒல்லியாக, பள்ளிக்கூட ஆண்டுமலர் மாதிரி இருந்தது. 'இடக்கையால் எழுதியது' என்று தலைப்பு. தம்புசாமி என்று பெயர். முன்னாள் லோரி ஓட்டுநர், பந்திங்.

"சொந்தக் காசுல போட்டிருக்காரு, அக்கா. மக வந்து குடுத்துட்டுப் போச்சு. நீங்க படிக்கணும்னு சொல்லிச்சு" என்றார் கடைக்காரர்.

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் லோகேஸ்வரி அந்த ஒல்லிப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தாள். சுபாங் ஜெயா போவதற்குள் பாதி முடித்துவிடலாம் என்று நினைத்தாள். எழுத்து நன்றாக இருந்தது. ஜோடனை இல்லை. வலது கை செயலிழந்து பல வருடம் கழித்து, ஐம்பது வயதில் இடது கையால் எழுதப் பழகியதை அந்த மனிதர் குழந்தை நடை பழகுவதைச் சொல்வது மாதிரி சொல்லியிருந்தார். அவள் புன்னகைத்துக்கொண்டே பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டாள்.

ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரியில் பென்சில் நின்றது.

"2001 மார்ச். கம்போங் மேடான். மாலை ஏழு மணி இருக்கும்."

அந்த ஊர் இந்த ரயில் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பல வருடங்களாக ரயில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் அவள் கைப்பேசியைப் பார்ப்பாள், அல்லது கண்ணை மூடிக்கொள்வாள். இன்றைக்கு எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தாள்.

"இரண்டு நாளாகக் கலவரம். லோரியை வெளியில் விட்டுவிட்டு நானும் என் கெலின்டான் கார்த்திகேசுவும் நடந்து வந்தோம். கெலின்டான் என்றால் லோரியில் கூட வரும் உதவியாள். எங்களுக்குள் அப்படி ஒரு மேல் கீழ் கிடையாது. சந்திப்பில் கும்பல் நின்றது. என் தலையில் அடி விழுந்தது. கையில் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு பலகை வீடு. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். நான் பார்க்கும்போதே அது அணைந்தது. சுற்றிலும் இருட்டு. அந்த இருட்டில்தான் துரத்தி வந்தவர்கள் என்னைக் காணாமல் தாண்டிப் போனார்கள். நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் கிடந்த என்னை அரை மணி நேரம் கழித்து டாக்சி ஓட்டும் யூசோப் அண்ணன் கண்டுபிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அந்த விளக்கை அணைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. வீடுகளை உடைத்துவிட்டார்கள். யூசோப் அண்ணனும் இறந்துவிட்டார். ஆனால் எனக்காக ஒரு கை அந்த சுவிட்சைத் தட்டியது. அந்தக் கையைத் தினமும் கும்பிடுகிறேன்.

கார்த்திகேசுவை மறுநாள் திடலுக்கு அந்தப் பக்கம் பெரிய கால்வாயில் எடுத்தார்கள். சந்திப்பில் அவனை விட்டுவிட்டு நான் ஓடியிருக்கிறேன். திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை."

ரயில் கிள்ளானில் நின்றபோது யாரோ தோளைத் தொட்டு, "ஆன்டி, ஓகேவா?" என்று கேட்டார்கள். சுபாங் ஜெயா போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது.

அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் லோகேஸ்வரியும் அவள் அம்மாவும்தான். சுவிட்சைத் தட்டியது அவள் கைதான்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அன்றைக்கு வெளியில் காலடிச் சத்தம் கேட்டு, கதவைத் தட்டும் சத்தம் கேட்டு, அவள் தாழ்ப்பாள்மேல் கை வைத்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தொறக்காத. தொறந்தா நாமளும் போயிடுவோம்." தட்டல் நிற்கவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியக்கூடாது, இவர்கள் போய்த் தொலைய வேண்டும் என்றுதான் லோகேஸ்வரி விளக்கை அணைத்தாள். யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல.

அதைவிடப் பெரியது இன்னொன்று. கதவுக்கு வெளியே கேட்டது ஒரு குரல் அல்ல. இரண்டு குரல்கள்.

மறுநாள் விடிகாலையில் அம்மா வாசற்படியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். போலீஸ் வந்து கேட்டபோது, டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். பிறகு தாயும் மகளும் இருபத்திரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், நினைவு வருவதும் போவதுமாக இருந்த அம்மா திடீரென்று மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "லோகா, யாரோ தட்டுறாங்க பாரு. ரெண்டு பேரு." அதுதான் அவள் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு.

 அந்த வாரம் லோகேஸ்வரி நான்கு புத்தகங்களுக்கான குறிப்புகளை எழுதிவிட்டாள். ஐந்தாவதற்கு இடம் விட்டிருந்தாள்.  தாதியின் நினைவுகளை விட்டுவிட்டு இதற்கு ஏன் இடம் விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இதைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அலமாரியைத் துடைக்கும்போதும், மாவு கரைக்கும்போதும், கல்லூரியில் பையன்களுக்குப் புத்தகம் தேடிக் கொடுக்கும்போதும் காதுக்குள் அந்த இரண்டு குரல்களும் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று உடைந்த குரல். இன்னொன்று மூச்சிரைக்கும் குரல். இருபத்து நான்கு வருடத்தில் அவை கொஞ்சமும் வயதாகவில்லை. இத்தனை நாள் அவற்றுக்கு முகம் இல்லாமல் இருந்தது. இப்போது பெயரும் வந்துவிட்டது, ஊரும் வந்துவிட்டது.

புதன்கிழமை பத்திரிகையிலிருந்து பக்தவத்சலம் கூப்பிட்டார். வேலூர்க்காரர், வேலை விசாவில் வந்து மூன்று வருடமாக ஞாயிறு பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவர்.

"மேடம், அஞ்சாவது புக் இன்னும் வரலையே. லேட் பண்ண மாட்டீங்களே நீங்க?"

"அத இந்த ஞாயித்துக்கிழமை விட்டுட்டு அடுத்த வாரம் போடலாமா, சார்?"

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "சார், ஒரு புத்தகத்துல இருக்கிறது தப்புன்னு நமக்குத் தெரிஞ்சா என்ன செய்யிறது?"

"தப்புன்னு எழுதிட வேண்டியதுதான். போன மாசம்கூட நீங்கதானே எழுதினீங்க, பார்த்தவங்க வாயைத் திறக்கலைன்னா வரலாறு முடமாப் போகும்னு? நான்தான் அதைப் பெரிய எழுத்துல போட்டேன்."

லோகேஸ்வரி போனை வைத்தாள். அந்த வரி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எழுதிய அன்று அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தாள்.

புத்தகத்தின் பின் அட்டையில் இருந்த எண்ணுக்கு வியாழக்கிழமை கூப்பிட்டாள். எடுத்தது தம்புசாமியின் மகள் தாமரை. பத்திரிகையில் எழுதும் லோகேஸ்வரி என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணின் குரல் துள்ளியது. "அக்கா, நெசமாவா? அப்பா ஒங்க பக்கத்த ஒவ்வொரு மாசமும் வெட்டி வெச்சிருக்காரு லா. வீட்டுக்கே வாங்க, சனிக்கிழமை நான் வீட்லதான் இருப்பேன்."

பந்திங் போகும் வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. கிராப் வாடகைக் காரோட்டி ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

தம்புசாமி வாசலிலேயே காத்திருந்தார். அறுபத்திரண்டு வயது. அகலமான தோள். வலது கை உள்பக்கமாக மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது. இடது கையை நெஞ்சில் வைத்து, "வாங்கம்மா, வாங்க" என்றார். "ஒங்களப் போல படிச்சவங்க நம்ம புத்தகத்தத் தொட்டாலே போதும்."

கூடத்தில் சாமிப் படங்களுக்குக் கீழே ஒரு சிறிய அகல் எரிந்துகொண்டிருந்தது. தாமரை மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். லோகேஸ்வரி விளக்கைப் பார்ப்பதைக் கவனித்து, "அது அந்த வீட்டுக்காரங்களுக்கு, அக்கா" என்றாள். "பேரு தெரியாதுல்ல, அதனால படம் இல்ல. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஆறு மாசம் அப்பா யார்கிட்டயும் பேசல. சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாரு. அப்புறம் ஒருநாள் எந்திரிச்சு இந்த விளக்க ஏத்தினாரு. அதுக்கப்புறம்தான் மனுசனா நடமாடினாரு."

 எழுந்து போய்விடலாம் என்று லோகேஸ்வரிக்குத் தோன்றியது. புத்தகம் அருமை என்று சொல்லிவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, போய்விடலாம். எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

"கார்த்திகேசு அங்கிளோட குடும்பம்?" என்று கேட்டாள். அவளே எதிர்பார்க்காமல் வாயில் வந்த கேள்வி.

தம்புசாமியின் முகம் வாடியது. "வீரம்மா கிள்ளான்ல இருக்கு. பிளவுஸ் தைக்குது. காரியத்தன்னைக்கு என்கிட்ட ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு. 'எங்க விட்டுட்டு வந்தே?'ன்னு. எனக்குப் பதில் தெரியல. அதோட பேச்சு இல்ல. இருபத்து நாலு வருசம் ஆச்சு. நான் எழுதினதே அதுக்குத்தாம்மா. எழுதிப் பாத்தாலாவது ஞாபகம் வரும்னு பாத்தேன். வரல."

"நீங்க விட்டுட்டு ஓடல" என்றாள் லோகேஸ்வரி.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்ல, அங்கிள். அந்த வீட்டுல இருந்தது நான்தான்."

தாமரையின் கையிலிருந்த தட்டு மேசையில் இடித்தது. தம்புசாமி மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை லோகேஸ்வரியால் பார்க்க முடியவில்லை. அவர் குனிந்து அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கும்பிடாதீங்க. முழுசாக் கேளுங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லத் தொடங்கியதும், எல்லாம் வரிசையாக, நேற்று நடந்தது மாதிரி வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க. கதவத் தட்டினீங்க. மொதல்ல ஒங்க குரல். 'அக்கா, கதவத் தொறங்க, நாங்க ரெண்டு பேரு'ன்னு சொன்னீங்க. அப்புறம் ஒங்க குரல் நின்னு போச்சு. இன்னொரு குரல் பேசிச்சு. ரொம்ப மூச்சு வாங்கிச்சு. 'இவனுக்கு ரத்தம் நிக்கல. இவன மட்டுமாவது உள்ள எடுங்க. நான் போயிடுறேன்'னு சொல்லிச்சு. மூணு தடவ சொல்லிச்சு, அங்கிள். என் கை தாழ்ப்பாள்லதான் இருந்துச்சு. நான் தொறக்கல. நீங்க போகணும்னுதான் விளக்க அணைச்சேன். உங்களக் காப்பாத்த இல்ல. எனக்குப் பயம்."

தாமரை தட்டை மேசையில் வைத்தாள்.

"அதுக்கப்புறம் பீப்பாய இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. தண்ணி சிந்துற சத்தம். அவருதான் ஒங்களப் பின்னாடி படுக்க வெச்சிருக்காரு. தூரத்துல ஆளுங்க வர்ற சத்தம் கேட்டதும் அவரு வெளிய ஓடினாரு. சும்மா ஓடல. தகரத்தத் தட்டிக்கிட்டே, கத்திக்கிட்டே ஓடினாரு, திடல் பக்கமா. வந்தவங்க எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. இருட்டுனால இல்ல நீங்க தப்பிச்சது. அவருனால."

தம்புசாமி நாற்காலியில் உட்கார்ந்தார்.  மடங்கிய கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "என்னத் தூக்கிக்கிட்டு வந்திருக்கான்" என்று தனக்குத்தானே சொன்னார். "என்ன எடையோ அப்ப நான்."

கோபப்பட்டவள் தாமரைதான். "இத்தன வருசம் எங்க போனீங்க?" என்றாள்.  "பேப்பர்ல எழுதுறீங்க. அந்தப் புத்தகம் படி, இந்தப் புத்தகம் படின்னு ஊருக்கே சொல்றீங்க. ஒரு போலீஸ் ஸ்டேஷன் தெரியாதா ஒங்களுக்கு? எங்கப்பா அவரு செத்ததுக்குத் தான்தான் காரணம்னு நெனச்சு நெனச்சு..." முடிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

லோகேஸ்வரி அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அம்மாவைக் காரணம் காட்டலாம். அம்மா தடுத்தாள் என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் தடுக்கவில்லை. அடுத்த வருடம் தடுக்கவில்லை. அம்மா செத்து இரண்டு வருடமாகிறது.

கடைசியில் தம்புசாமி எழுந்து சட்டையை மாட்டத் தொடங்கினார். ஒரு கையால் பொத்தான் போட நேரமானது. "தாமரை, வண்டிச் சாவிய எடு" என்றார். "கிள்ளானுக்குப் போகணும்."

"இப்பவா, ப்பா?"

"இருபத்து நாலு வருசம் லேட். இப்பத்தான்." லோகேஸ்வரியைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார். அதில் 'அம்மா' இல்லை.

கிள்ளானில் புடவைக் கடைகளுக்குப் பின் சந்தில், முதல் மாடியில் இருந்தது வீரம்மாவின் தையலறை. மூன்று பேர் வாசலில் நிற்பதை அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். தம்புசாமியின் மேல் பார்வை நின்றது. இயந்திரத்தை நிறுத்தவில்லை. கையிலிருந்த ரவிக்கைக் கையின் கடைசித் தையல்வரை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பிறகுதான் பேசினாள்.

"என்ன?"

"அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில் கொண்டாந்திருக்கேன்" என்றார் தம்புசாமி. "என் பதில் இல்ல. இந்தப் பொம்பளையோடது."

லோகேஸ்வரி நின்றுகொண்டே மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். முகத்துக்கு நேரே ஒரு பெண் ஊசி தைக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சொல்லும் கல்லாகக் கனத்தது. வீரம்மா குறுக்கிடவில்லை. அழவில்லை. மடியில் கிடந்த துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் கேட்டாள். "அவரு கொரல்தான்னு எப்படித் தெரியும்?"

"அப்பத் தெரியாது, அக்கா. இவரு புத்தகத்துல பேரப் படிச்சப்பதான். ர-வ அழுத்தி ரத்தம்னு சொன்னாரு. அந்தப் பேச்சுக்கு நடுவுல ரெண்டு தடவ இருமினாரு, நெஞ்சுல சளி இருக்கிற மாதிரி."

வீரம்மாவின் விரல்கள் நின்றன. "அந்த மாசம் இருமல்தான் அவருக்கு" என்றாள். "மருந்து வாங்கி வெச்சிருந்தேன். குடிக்கவே இல்ல."

தாமரை சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே சந்தில் யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள் வீரம்மா. முதல் தடவையாக அவள் குரல் கீழிறங்கியிருந்தது. "வீட்ல பொஞ்சாதி இருக்கா, புள்ள இருக்குன்னு... ஏதாவது?"

லோகேஸ்வரிக்கு நாக்கின் நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. சின்னப் பொய். 'வீரம்மா' என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு மிச்ச வாழ்நாளுக்கும் போதும். தம்புசாமிகூட அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்று அவர் கண்கள் கெஞ்சுவது போல இருந்தது.

"இல்லக்கா" என்றாள் லோகேஸ்வரி. "நான் கேட்டதுல இல்ல."

வீரம்மா தலையை ஆட்டினாள். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

"அப்ப மத்ததெல்லாம் உண்மதான்" என்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள். வாயை முந்தானையால் அழுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். தம்புசாமி தரையில் அவள் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதார். இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை. ஆனால் அவள் அவரைப் போகச் சொல்லவும் இல்லை.

லோகேஸ்வரி படியில் இறங்கும்போது பின்னாலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது. "ஏய், நீ."

அவள் திரும்பினாள்.

"கதவத் தொறந்திருந்தா எல்லாரும் செத்திருப்பீங்கன்னு யாராவது ஒனக்குச் சொல்லுவாங்க. சொன்னா நம்பிக்கோ. எனக்கு அதப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா எம் புருசன் கடைசியாப் பேசின பேச்ச நீ இத்தன வருசம் வெச்சிருந்தே பாரு. அது எம் பொருளு. அத நான் மன்னிக்க மாட்டேன்."

"சரிக்கா."

"அடுத்த சனிக்கிழமை வா. வந்து திரும்பச் சொல்லு."

அந்த ஞாயிறு வெளியான 'இம்மாத வாசிப்பு' பகுதியில் நான்கு புத்தகங்கள்தான் இருந்தன. அடுத்த ஞாயிறு ஐந்தாவது மட்டும் தனியாக வந்தது. "இந்த நூலை அனைவரும் வாசிக்க வேண்டும். இதன் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பிழை இருக்கிறது. பிழை நூலாசிரியருடையது அல்ல, என்னுடையது" என்று தொடங்கியது. பக்தவத்சலம் அதை வாசித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். "மேடம், ஒங்க பேரைப் போடணுமா? நல்லா யோசிங்க" என்றார். போடச் சொன்னாள். கடிதங்கள் வந்தன. பாதி ஏச்சு. ஒருவர் அவளைக் கொலைகாரி என்றார். மற்றொருவர் அவளைத் துணிச்சல்காரி என்று புகழ்ந்து எழுதியிருந்தார். கொலைகாரி என்ற கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, புகழ்ந்த கடிதத்தைத்தான் அவள் முதலில் கிழித்துப் போட்டாள். காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். பழைய கோப்பு எங்கே என்று தேட வேண்டும் என்றார்கள். எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் பதிப்புக்குத் தம்புசாமி திருத்தங்கள் எழுதியபோது தாமரை லோகேஸ்வரியைக் கூப்பிட்டாள். இன்னும் 'அக்கா' என்று சொல்ல மனம் வரவில்லை அவளுக்கு. "அப்பா கேக்கச் சொன்னாரு. விளக்கு அணைஞ்ச வரிய எடுக்க மாட்டாராம். அணைஞ்சது உண்மதானாம். எதுக்கு அணைஞ்சதுன்னு அவரு எழுதினதுதான் தப்பாம். அத மட்டும் அடிச்சிட்டு நீங்க சொன்னத ஒங்க வாயால சொன்னபடியே போடுறாராம். சரியா?"

"சரி" என்றாள் லோகேஸ்வரி. பிறகு, "அந்த அகல்?" என்று கேட்டாள்.

"ஏத்துறாரு. கார்த்திகேசு அங்கிள் படம் வெச்சாச்சு." தாமரை போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை தோறும் லோகேஸ்வரி கிள்ளான் போகிறாள். சில வாரம் வீரம்மா தலைகூட நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள். தீபாவளி நெருங்கியதால் துணி மலையாகக் குவிந்திருக்கும். லோகேஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்து கொக்கி தைத்துக் கொடுப்பாள். சில வாரம் உள்ளே நுழைந்ததுமே, "சொல்லு" என்பாள் வீரம்மா. லோகேஸ்வரி சொல்வாள். வீட்டில் இப்போதெல்லாம் அந்தக் குரல்கள் முன்போல வருவதில்லை. முதலில் அது ஆறுதலாக இருந்தது. பிறகு அதுவே பயமாகிவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, குரல் தேய்ந்து வெறும் சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றனவோ என்று தோன்றியது. அந்த இருமல் முதல் வாக்கியத்துக்குப் பிறகா, இரண்டாவதற்குப் பிறகா என்று ஒருநாள் அவளுக்கே குழப்பம் வந்து, ரயிலில் உட்கார்ந்தபடி உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

போன சனிக்கிழமை அவள் சொல்லி முடித்ததும் வீரம்மா இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இன்னைக்கு வேற மாதிரி சொல்றே."

"அதேதானே சொன்னேன், அக்கா."

"சொல்லு அதேதான். கொரலு வேற. படிக்கிற மாதிரி இருக்கு." வீரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். கண்களை மூடிக்கொண்டாள். "மெதுவாச் சொல்லு. ஒரு ஆளத் தூக்கிக்கிட்டு ஓடியாந்திருக்காரு. மூச்சு வாங்கித்தானே சொல்லியிருப்பாரு."

லோகேஸ்வரி கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். கொஞ்சம் பிடித்து வைத்து, விட்டு, மறுபடியும் இழுத்தாள்.

"இவனுக்கு..." என்று தொடங்கினாள்.